முப்பத்தைந்து வயதில் போலீஸ் படைத் தலைவர்

பத்து பாகாட் என்ற பெயருக்கு உளி பட்ட கல் என்று பொருள் சொல்வார்கள். ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில், ஆற்றங்கரையை ஒட்டி அமைந்த வியாபார நகரம் அது. சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் சம்பளம் போட்டதும் சாமான் வாங்கவும் துணிமணி எடுக்கவும் பஸ் ஏறி வந்துபோகும் ஊர். அமைதிக்குப் பேர்போன அந்த ஊரின் பெயர் 1980 அக்டோபர் 16ஆம் நாள் நாடு முழுவதும் ஒலித்தது.

அன்று வெள்ளை அங்கி அணிந்த ஏறத்தாழ இருபது பேர், பாராங் கத்தியும் வாளும் ஏந்தி, பத்து பாகாட் போலீஸ் நிலையத்திற்குள் பாய்ந்தனர். தம்மை மீட்பராகச் சொல்லிக்கொண்ட ஒருவரின் பேச்சில் மயங்கியவர்கள் அவர்கள். கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டினார்கள். போலீஸ்காரர்களும் பொதுமக்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தாக்க வந்தவர்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்த நாளில் நாட்டின் போலீஸ் படைக்குத் தலைவராக இருந்தவர் முகமட் ஹனிப் ஒமார். பின்னாளில் துன் பட்டம் பெற்றவர். தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கும் அவர் பெயர் பழக்கமானதுதான். ஆனால் அவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார், அங்கே என்னென்ன பார்த்தார் என்பது நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

இன்று தெலுக் இந்தான் எனப்படும் பேராக் மாநிலத்துத் தெலுக் ஆன்சனில், 1939ஆம் ஆண்டு ஹனிப் பிறந்தார். சிங்கப்பூரில் அப்போதிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1959இல் போலீஸ் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து துணைத் தலைவர் பதவிவரை வந்துவிட்டார்.

1974 ஜூன் 7ஆம் நாள், படைத் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹஷிம் கோலாலம்பூர் நடுத்தெருவில், பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைவரையே கொன்றுவிட்டார்களே என்று நாடு திகைத்து நின்றது. மறுநாள் அந்தப் பொறுப்பு ஹனிப்பின் தோள்மேல் ஏறியது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துதான்! கொலையுண்டவரின் நாற்காலியில் உட்காருவதென்றால் அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டாமா?

சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1975 ஆகஸ்டில் ஜப்பானிய செம்படையினர் ஐவர், கோலாலம்பூர் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிணை பிடித்தார்கள். அவர்கள் கேட்டபடி ஜப்பான் தன் சிறையிலிருந்த சிலரை விடுவிக்க, அனைவரும் லிபியாவுக்கு விமானமேறிய பிறகே நிலைமை அடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பேராக் மாநிலப் போலீஸ் தலைவர் கூ சோங் கோங் ஈப்போவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஊர்க்காவலுக்காக 'ருக்குன் தெத்தாங்கா' என்னும் அண்டை அயலார் திட்டம் தொடங்கப்பட்டதும் அந்த 1975ஆம் ஆண்டில்தான். பகலில் வேலை பார்த்துவிட்டு, இரவில் முறைபோட்டுக் கையில் டார்ச் விளக்குடன் சுற்றி வந்த அந்த நாட்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தோட்டத்து மக்களுக்கும் மாத்தா மாத்தாவுக்கும் உள்ள தொடர்பு இதற்கெல்லாம் முந்தியது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்தே அவசரகாலம் பிறந்தது. அடையாளக் கார்டும், முள்கம்பி வேலியும், ஊரடங்கும் லயத்து வாழ்க்கையில் புகுந்தன. ஒரு பக்கம் காட்டிலிருந்தவர்களுக்கு அச்சம், மறுபக்கம் சோதனைக்கு வருபவர்களுக்கு அச்சம் என்று இருதலைக் கொள்ளி எறும்பாய் நம் முன்னோர் தவித்தார்கள். போலீஸ் தரப்பின் இழப்பும் சிறிதல்ல. 1950 பிப்ரவரி 23இல், மூவார் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கெப்போங் நிலையம் தாக்கப்பட்டபோது போலீஸ்காரர்களோடு அவர்களுடைய மனைவி மக்களும் மாண்டார்கள்.

இத்தனை இரத்தத்திற்கும் முடிவு கட்டிய நாள் 1989 டிசம்பர் 2. தாய்லாந்தின் ஹட்யாய் நகரில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசாங்கத்தின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஹனிப்பும் ஒருவர். துப்பாக்கிக் குண்டுக்குத் தலைவரைப் பறிகொடுத்த படையின் புதிய தலைவர், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பேனாவால் சண்டையை முடித்துவைத்தார்.

அவருடைய காலம் முழுவதும் புகழ்மாலை மட்டுமே என்று சொல்வதற்கில்லை. 1985 நவம்பர் 19இல் கெடாவின் மெமாலி கிராமத்தில் போலீஸ்காரர் நால்வரும் கிராமத்தார் பதினால்வரும் உயிரிழந்தார்கள். 1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நீதிமன்ற விசாரணையின்றிப் பிடித்து வைக்கப்பட்டார்கள். நம்மவரான பி. பட்டுவும் அவர்களில் ஒருவர். அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் விசாரணையே இல்லாமல் அடைபட்ட நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது. நாட்டைக் காக்கும் கையே மக்களை அச்சுறுத்தும் கையாகவும் மாறலாம் என்ற கேள்வியும் அவருடைய வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது.

இன்னொரு செய்தி பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது. படைத் தலைவராக இருந்த காலத்திலேயே ஹனிப் சட்டம் படித்தார். 1986இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. நாடு முழுவதும் சலாம் போடும் பதவியில் இருப்பவர் புத்தகத்தைத் தூக்கினார் என்றால், ஐந்தாம் பாரத்தோடு படிப்பு முடிந்துவிட்டது என்று நம் பிள்ளைகள் ஏன் சோர வேண்டும்?

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்து, 1994 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். அவ்வளவு நீண்டகாலம் அந்தப் பதவியில் இருந்தவர் வேறு எவரும் இல்லை. 2024 ஜனவரி 20ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் காலமானார்.

வாசகர்களே, போலீஸ் நிலையம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்பார் நம்மில் பலர். அந்தப் பயம் போகவேண்டுமானால் நம் உரிமையையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கைது செய்யப்படுபவருக்கு அதன் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும், அவர் விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும், பொதுவாக இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. தாலிச்சங்கிலி பறிபோனாலும், பிள்ளையைக் காணவில்லை என்றாலும் தயங்காமல் போய்ப் புகார் எழுதுங்கள். எழுதிய புகாரின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பத்து பாகாட்டில் அன்று வெட்டுப்பட்டவர்கள், வழக்கம்போல வேலைக்கு வந்த சாதாரணப் போலீஸ்காரர்களும், ஏதோ ஒரு காரியமாக அங்கு வந்திருந்த நம்மைப் போன்ற பொதுமக்களும்தான். அந்த நிலையத்தின் கதவு காப்பாற்றப்பட வேண்டியது நம் அனைவருக்காகவும்தான். அது எந்நேரமும் ஏழை எளியவர்களுக்குத் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது, அதிகாரத்தில் இருப்பவர்களின் கடமை.