பாத்திரம் கழுவும் இயந்திரமும் மின்சாரக் கணக்கும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்பதே வழக்கு. "வாங்கினால் கரண்ட் பில் எகிறிவிடும்" என்றார் அப்பா. "மூணு மணி நேரம் ஓடுமாமே! அவ்வளவு நேரம் ஓடினால் மீட்டர் சும்மா இருக்குமா?" என்றார் பாட்டி. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அவர் தொட்டி முன் நின்று இரவுப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்ததும் தோழி இந்தக் கதையை எங்களிடம் சொன்னாள். வெப்பம் என்ற பாடத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். படித்ததை வைத்தே இந்த வழக்கைத் தீர்த்துவிடலாமே என்று நாங்கள் நால்வர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அந்தக் கணக்கையே இங்கே தருகிறோம்.

இந்த இயந்திரம் நம்மில் பலருக்குப் புதிது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீட்டுவேலைக்கு வருபவர்கள் வர முடியாமற்போன பிறகுதான் நம் நகரங்களில் இதைப் பலரும் தேடி வாங்கினார்கள். ஆனால் இதன் வயது நூற்றுக்கும் மேல். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துச் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886 டிசம்பர் 28ஆம் நாள் இதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டுகளைக் கம்பிச் சட்டங்களில் நிறுத்தி, அவற்றின் மேல் நீரை விசையோடு பீய்ச்சுவது அவருடைய முறை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தபோது பலரும் வியந்து பார்த்தார்களாம். உணவு விடுதிகள் வாங்கின. வீடுகளோ வாங்கத் தயங்கின. அக்காலத்து வீடுகளில் இதற்கு வேண்டிய அளவு வெந்நீர் கிடைக்காதது அதற்கு ஒரு காரணம். நம் கணக்கிலும் கடைசியில் வெந்நீர்தான் வந்து நிற்கிறது என்பதால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்துக்குள் நடப்பது இதுதான். அடியில் நாலைந்து லிட்டர் நீர் நிரம்புகிறது. ஒரு சிறு பம்பு அதே நீரைத் திரும்பத் திரும்ப மேலே தள்ள, சுழலும் கைகளில் உள்ள துளைகள் வழியே அது பாத்திரங்கள் மீது பாய்கிறது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஓர் அலசல். பிறகு சோப்பு கலந்த வெந்நீர். மறுபடியும் அலசல். இறுதியாக ஒரு வெந்நீர் அலசல். அந்தச் சூட்டிலேயே பாத்திரங்கள் உலர்கின்றன. ஆக, நீரைச் சூடாக்குவது ஒரு வேலை, அதைச் சுற்றிவிடுவது ஒரு வேலை. இந்த இரண்டில் எது மின்சாரத்தைத் தின்கிறது?

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும் என்று படித்திருக்கிறோம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. நான்கு நான்கு லிட்டராக இரண்டு முறை, 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்குகிறோம் என்று வையுங்கள். 8 லிட்டர், 30 டிகிரி. பெருக்கினால் 240 கிலோ கலோரி. நீரோடு பாத்திரங்களும், இயந்திரத்தின் உட்சுவரும் அல்லவா சூடேறுகின்றன? எஃகின் தன்வெப்பம் நீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். எல்லாமாக இருபது கிலோ எஃகு என்று கொண்டால் ஒரு முறைக்கு எழுபத்தைந்து, இரண்டு முறைக்கு நூற்றைம்பது கிலோ கலோரி. மொத்தம் 390. இதை 860ஆல் வகுத்தால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. பம்பு ஓடுவதையும், வெளியே வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் முக்கால் யூனிட்டை ஒட்டி வருகிறது.

எங்கள் பென்சில் கணக்கு சரிதானா என்று சந்தேகம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் விற்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும், சிக்கன முறையில் நூறு தடவை கழுவ எத்தனை யூனிட் ஆகும் என்று சீட்டு ஒட்ட வேண்டும். பதின்மூன்று, பதினான்கு பேருடைய தட்டுகள் கொள்ளும் இயந்திரங்கள் பலவற்றில் அது 75க்கும் 95க்கும் இடையில் இருக்கிறது. அதாவது ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அடிப்பிடித்த கடாய்க்கென்று உள்ள கடுஞ்சூட்டு முறையில் ஒன்றரை யூனிட் வரை போகும்.

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். மூன்று மணி நேரம் ஓடினால் மூன்று மடங்கு செலவாகாதா? ஆகாது. நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் ஏறத்தாழ 2000 வாட் இழுக்கும். ஆனால் மொத்தத்தில் சில நிமிடங்களே எரியும். பம்பு நாள் முழுவதும் ஓடினாலும் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். சிக்கன முறை வெகுநேரம் ஓடுவதற்குக் காரணமே அதுதான்: சூட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக ஊறும் நேரத்தை நீட்டுகிறார்கள். அரைமணியில் முடியும் அவசர முறைதான் பல நேரங்களில் அதிகம் செலவாக்குகிறது.

இதை நம் வீட்டு மீட்டரிலேயே பார்க்கலாம். புதிய மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால், 2000 வாட் ஓடும்போது மூன்று நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் படபடவென்று சிமிட்டும். பம்பு மட்டும் ஓடும்போதோ, அடுத்த சிமிட்டலுக்குப் பத்தொன்பது இருபது நொடி காத்திருக்க வேண்டும். (மற்ற விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சிறிது நேரம் அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்து திட்டு வாங்கியவள் எங்களில் ஒருத்தி.)

நம் ஊர் வெயிலும் இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. ஐரோப்பியச் சோதனையில் 15 டிகிரி குளிர்ந்த நீரை விட்டுத்தான் அளக்கிறார்கள். நம் குழாய்நீர் பெரும்பாலான மாதங்களில் 28, 30 டிகிரி இருக்கும். கோடை நண்பகலில் மொட்டைமாடித் தொட்டி நீரில் கை வைக்க முடிகிறதா? அந்த நேரத்தில் இயந்திரத்தை ஓட்டினால் பாதி வேலையைச் சூரியனே முடித்துவைத்திருக்கும். அதே நீரை மாடிக்கு ஏற்றுவதற்கு எவ்வளவு செலவு என்றும் போட்டுப் பார்த்தோம். பத்து லிட்டர் நீரைப் பத்து மீட்டர் உயரம் தூக்கும் வேலையைவிட, அதே நீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க நாற்பது மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். எங்கள் ஆசிரியைகூட இதை இரண்டு முறை சரிபார்த்தார்.

சரி, ரூபாய் எவ்வளவு? நாளுக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். ஆனால் தமிழ்நாட்டில் எல்லா யூனிட்டும் ஒரே விலை அன்று. 2016 முதல் இரு மாதங்களுக்கு நூறு யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டணப்படி, 200க்கு மேல் 400 வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 400ஐக் கடந்தால் ஆறு ரூபாய்க்கு மேல். 500ஐக் கடந்தால் எட்டு ரூபாய்க்கு மேல். இயந்திரத்தின் 60 யூனிட், வீட்டில் ஏற்கெனவே ஆகும் யூனிட்டுகளின் தலைமேல்தான் ஏறி உட்காரும். முந்நூறு யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். 460 செலவழிக்கும் வீட்டுக்கோ கதை வேறு. அந்த வீடு 500 என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகையும் போய்விடுகிறது. எல்லாம் சேர்ந்து அறுநூறு ரூபாய்க்கு மேல் கூடும். எங்கள் தோழி வீட்டுக் கோடைக்காலச் சீட்டை வாங்கிப் பார்த்தால், அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால்தான் நின்றது! அப்பா பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் மின்சாரம்தான் பெரிய செலவு என்று நினைத்தது தவறு. இயந்திரம் நாற்பதாயிரம் ரூபாய் என்றும், பத்து ஆண்டு உழைக்கும் என்றும் வைத்தால், நாளுக்குப் பதினொரு ரூபாய். சோப்பு வில்லை ஒன்று பத்திலிருந்து இருபது ரூபாய் வரை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உள்ள இடங்களில் நீரை மென்மையாக்க அதற்கென்று உள்ள உப்பைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படியும். இவற்றின் பக்கத்தில் மின்சாரத்தின் ஐந்து ரூபாய் கடைக்குட்டிதான். மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது மொத்தச் செலவு. பாதி நிரம்பிய இயந்திரத்தை ஓட்டினாலும் இந்தச் செலவில் பெரும்பகுதி அப்படியே ஆகும்.

தண்ணீரில் மட்டும் இயந்திரம் வெல்கிறது. சிக்கன முறையில் பத்துப் பன்னிரண்டு லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கும் குறைவு. குழாயைத் திறந்தபடி தேய்த்தால், நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வீதம் பத்தே நிமிடத்தில் நான்கு குடம் போய்விடும். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த ஆண்டை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரும்புத் தோசைக்கல், பித்தளைக் குத்துவிளக்கு, மரக்கரண்டி ஆகியவற்றை இதில் வைக்கக் கூடாது. அவை கைக்குத்தான்.

அந்த வீட்டுக்குக் காலையில் பாத்திரம் துலக்க ஓர் அக்கா வருகிறார். எங்கள் காகிதத்தில் "மாதம் ஆயிரம்" என்று எழுதியிருந்ததை எட்டிப் பார்த்து, "அப்போ எனக்கு வேலை இருக்குமா பாப்பா?" என்று கேட்டார். நாங்கள் அந்தக் கேள்வியைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. "இது ராத்திரிப் பாத்திரத்துக்குத்தான், காலை வேலை உன்னுடையதுதான்" என்று அம்மா உடனே சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்வார்களா என்று தெரியவில்லை. இரவுப் பாத்திரத்தைத் துலக்கும் அம்மாவுக்கும் தோழிக்கும் எவ்வளவு கூலி போடுவது என்று ஒரு வரி எழுதத் தொடங்கினோம். தோழியின் தம்பி, "அது எப்படிச் செலவாகும்?" என்றான். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

இயந்திரம் இன்னும் வரவில்லை. தீபாவளித் தள்ளுபடிக்காகக் காத்திருக்கிறார்கள். அதுவரை இரவுப் பாத்திரம் அப்பாவும் தம்பியும். தம்பி குழாயைத் திறந்துவிட்டே தேய்க்கிறான் என்று கேள்விப்பட்டு, தொட்டிக்கு அடியில் வாளி வைத்து அளக்கச் சொன்னோம். முதல் நாள் ஐந்து வாளி. சென்ற வாரம் இரண்டு.