பனியன் நகரத்தில் அடாலிமுமாப் ஊசி: போடுமுன்னும் போட்ட பின்னும்

திருப்பூரில் சரீரத்துக்கு நேரும் எந்த உபாதைக்கும் தொழிலின் மேல்தான் பழி விழுகிறது. முதுகு வலித்தால் மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் வந்தது என்கிறார்கள். இருமல் வந்தால் பஞ்சுத் தூசி என்கிறார்கள். உடம்பு இளைத்தால் ஒன்றரை ஷிப்ட் பார்த்த அசதி என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருப்பதால், தொழிலின் மறைவில் ஒதுங்கி நிற்கும் இரண்டு வியாதிகள் வெகு நாள் கண்ணுக்குப் படாமலே போய்விடுகின்றன. ஒன்று, இளம் வயதிலேயே முதுகெலும்பின் மூட்டுகளைப் பற்றி இறுக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் அழற்சி நோய். மற்றொன்று, நாம் நெடுங்காலமாக அறிந்த காசநோய். முன்னதைத் தணிப்பதற்குப் போடும் ஊசி பின்னதை எழுப்பிவிடக் கூடும் என்பதை, அந்த ஊசியை ஏற்கும் ஒவ்வொருவரும் அவர் வீட்டாரும் அறிந்திருத்தல் மிகவும் அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

தொழில் வலியும் நோய் வலியும்

ஓவர்லாக் மெஷினிலோ பேட்லாக் மெஷினிலோ நாள் முழுதும் அமர்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு முதுகு வலிப்பது இயற்கை. அந்த வலி மாலையில் ஏறும், படுத்தால் தணியும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் பாதி குறைந்திருக்கும். அழற்சியால் வரும் வலியின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. அது படுக்கையில்தான் வளரும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும். காலையில் எழுந்ததும் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, நாலு வேலை பார்த்து நடமாடிய பிறகே இளகும். நாற்பது வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் இப்படி நீடிக்கும் வலியை, மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிக்கொண்டிருப்பது பிசகு. அப்படிக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது அபூர்வமன்று. அது வலியை ஓரிரு நாளில் மாயம் போல் போக்கிவிட்டு, எலும்பையும் சர்க்கரை அளவையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலோ அதுவே தனியொரு ஆபத்து. மூட்டுநோய் நிபுணர் ஒருவரைப் பார்ப்பதே சரியான வழி.

ஊசி வந்த வழி

மூட்டு அழற்சிக்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் பல்லாண்டுகளாக முதல் மருந்தாக இருந்து வருவது மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பிறகு அமெரிக்கா சென்று லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உழைத்த எல்லாப்பிரகத சுப்பாராவின் குழுவினரிடமிருந்து உலகுக்குக் கிடைத்த மருந்துகளுள் அதுவும் ஒன்று என்பது நம்மவர் பெருமைப்படத் தக்க செய்தி. மாத்திரையாகவும் ஊசியாகவும் வரும் அம்மருந்தைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அழற்சி நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுத்துக்கொள்ளும் மருந்து. அறியாமல் தினந்தோறும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு.

முதுகெலும்பு நோய்க்கோ மெத்தோட்ரெக்சேட் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்னும் புரதத்தைத் தடுத்தால் மூட்டு நோய் தணியுமா என்று லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் 1992-ஆம் ஆண்டு முதன்முதல் சோதித்தவர்கள், மார்க் ஃபெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும். அவர்கள் திறந்த வழியில் வந்த அடாலிமுமாப் 2002-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை நம் தொழிலாளிக்கு எட்டாக் கனியாகவே பல வருஷங்கள் இருந்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் ஸைடஸ் காடிலா நிறுவனம், அதற்கு நிகரான மருந்தை உலகிலேயே முதன்முதலாக, அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வேறு இந்திய நிறுவனங்களும் தயாரிக்கத் தொடங்கியதால், கோவையிலும் திருப்பூரிலும் இன்று இது அரிய பொருளன்று. குனிந்து நிமிர முடியாமல் வேலையை விட்டு வீட்டோடு கிடந்த இளைஞர் சில வாரங்களில் மீண்டும் கட்டிங் டேபிள் முன் நிற்கக் கூடிய அளவுக்கு இது பலன் தரவல்லது என்பதையும், ஆகையால் அஞ்சி ஒதுக்க வேண்டிய மருந்தன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உறங்கும் கிருமி

ஆயினும் டிஎன்எஃப் வீணுக்கு உடலில் இருப்பதன்று. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகும்போது, நம் உடலின் காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து நின்று ஒரு சுவரெழுப்பி உள்ளேயே அடைத்துவிடுகின்றன. அச்சுவரின் கற்களைப் பிடித்து நிறுத்தும் சாந்து போன்றது இந்த டிஎன்எஃப். அடைபட்ட கிருமி சாவதில்லை. ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கலாம். அதைச் சுமப்பவர் நோயாளியல்லர், அவரால் பிறருக்குத் தொற்றும் வராது. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசியக் காசநோய் ஆய்வில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 31 சதவீதத்தினரிடம் இத்தகைய தொற்று காணப்பட்டது. அதாவது, ஒரு தையல் வரிசையில் முப்பது பேர் அமர்ந்திருந்தால், அவர்களில் ஒன்பது பத்துப் பேர் தம்மை அறியாமலே இக்கிருமியைச் சுமந்திருக்கலாம்.

டிஎன்எஃபை ஊசியால் தடுக்கும்போது அந்தச் சுவர் தளர்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் இதே வகை மருந்தைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் ஒரு மருத்துவ ஏடு வெளியிட்டது. அவர்களில் 48 பேருக்கு மூன்றாவது தவணைக்குள்ளாகவே நோய் வெளிப்பட்டிருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் நோய் இருந்தது. இவ்விரண்டு எண்களையும் வாசகர் நினைவில் வைக்க வேண்டும். முதல் சில மாதங்களே அதிக அபாயமானவை என்பதையும், இருமலே இல்லாமலும் காசநோய் வரலாம் என்பதையும் அவை உணர்த்துகின்றன.

போடுமுன் செய்ய வேண்டிய பரிசோதனை

ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும், மான்டூ என்னும் தோல் பரிசோதனையோ இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ள வேண்டும். மான்டூ பரிசோதனையில், முன்கையில் மருந்தைச் செலுத்தியபின் 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிச் சென்று, தடிப்பின் அளவைப் பார்க்கச் செய்ய வேண்டும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் இரண்டாவது தடவை லீவு கேட்கத் தயங்கி, "கை வீங்கவேயில்லீங்க டாக்டர்" என்று ஒரு வாரம் கழித்துப் போய்ச் சொல்வதால் பிரயோஜனமில்லை. அந்தப் பரிசோதனை செய்யாததற்குச் சமானமே. வேலை நாளைக் கணக்கிட்டு, மூன்றாம் நாள் போக முடியும் நாளாகப் பார்த்துப் போட்டுக்கொள்வது உத்தமம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குத் தொற்று இருந்தும் பரிசோதனை இல்லையென்று காட்டிவிடலாம். ஆதலால் மருந்துக் கடை மாத்திரையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். லைன் வீட்டில் அடுத்த அறையில் இருப்பவருக்கோ, ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவருக்கோ, சொந்த ஊரில் பெற்றோருக்கோ எப்போதாவது காசநோய் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை வகைகளான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கும் எச்ஐவிக்கும் இரத்தப் பரிசோதனை இத்துடனேயே நடைபெறும். ஹெபடைடிஸ் பி கிருமியும் இந்த ஊசியால் விழித்துக்கொள்ளக் கூடியதே.

உறங்கும் தொற்று இருப்பது தெரிந்தால் கலங்க வேண்டியதில்லை. ஐசோநியாசிட் மாத்திரையை ஆறு மாதம் தினமும் உட்கொள்ளும் முறையும், ரிஃபாபென்டினும் ஐசோநியாசிடும் சேர்த்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம் உட்கொள்ளும் முறையும் உள்ளன. தொடங்கி ஒரு மாதமேனும் கழிந்த பிறகு ஊசியை ஆரம்பிப்பதே வைத்திய வழக்கம். ஊசி ஆரம்பித்துவிட்டது என்பதற்காக மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாகாது. அரசின் காசநோய்த் திட்டத்தில் இச்சிகிச்சை இலவசம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் விசாரிக்கலாம். 1800-11-6666 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் கேட்டறியலாம்.

மருந்தைக் காக்கும் குளிர்ச்சி

இந்த மருந்து புரதம். சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிர்ச்சியில், அட்டைப் பெட்டியோடு, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். பின்சுவரோடு ஒட்டியோ ஐஸ் பெட்டியின் அடியிலோ வைத்தால் உறைந்துவிடும். நடுத் தட்டே தகுந்த இடம். ஒரு முறை உறைந்த ஊசியை, இளகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும், போடவே கூடாது. வெளியில் 25 டிகிரிக்கு மேற்படாமல் பதினான்கு நாள் வரை வைத்திருக்கலாம் என்று மூல மருந்தின் குறிப்பில் ஒரு சலுகை உண்டு. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட நம் லைன் வீடுகளில் சித்திரை, வைகாசி வெயிலில் அந்தச் சலுகைக்கு இடமே இல்லை. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் ஊசியை மருந்துக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லி, போடும் நாளில் வாங்கிக்கொள்வது மேல். தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏறும்போது, ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றி, ஊசி அதன்மேல் நேரே படாதவாறு சிறு ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும்.

ஊசி போடும் வேளை

முதுகெலும்பு நோய்க்கு வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம். சொரியாசிஸுக்கும் குடல் அழற்சி நோய்களுக்கும் ஆரம்ப அளவு வேறு. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஊரில், ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொண்டால் மறதி வராது. மறுநாள் ஞாயிறு ஓய்வும் கிடைக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றாமல், குலுக்காமல், வெந்நீரில் போடாமல், அரை மணி நேரம் மேசைமேல் வைத்திருந்தால் குளிர் அடங்கி எரிச்சல் குறையும். மருந்து கலங்கியோ துகள் மிதந்தோ இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். தொடையின் முன்புறம், அல்லது தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி வயிறு: இவையே போடும் இடங்கள். சென்ற தடவை போட்ட இடத்திலும், தழும்பிலும், சொரியாசிஸ் படிந்த தோலிலும் போடலாகாது. போட்டபின் பஞ்சால் அழுத்தலாம், தேய்க்க வேண்டாம். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் எறியாமல், கனத்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். நம் தெருக்களில் குப்பை அள்ளும் பெண்களின் கைக்கு உறை கூட இல்லை.

ஒரு தவணை மறந்தால், நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நாளிலேயே தொடரலாம். இரண்டைச் சேர்த்துப் போடுவது தவறு. வலி போய்விட்டதென்று தாமாகவே நிறுத்துவதும், செலவை எண்ணித் தோன்றியபோது போடுவதும், இம்மருந்தை உடலே எதிர்க்கும்படி செய்து, பிறகு போட்டாலும் பலிக்காமல் ஆக்கிவிடக் கூடும். செலவு தாங்கவில்லையென்றால் அதை வைத்தியரிடமே சொல்லி, இடைவெளியை நீட்டலாமா என்று கேட்பதில் வெட்கமில்லை. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள், நிபுணரின் சிபாரிசின் பேரில் அங்கே இம்மருந்து கிடைக்குமா என்று கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இருமலைத் தூசி என்று தள்ளாதீர்கள்

ஊசி போட்டுக்கொள்பவர் இருமத் தொடங்கினால் பக்கத்து மெஷின்காரர் அன்போடு சொல்லுவார்: "பஞ்சுத் தூசிதானுங்கண்ணா, ரெண்டு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்குங்க." அன்பு மெய், ஆலோசனை ஆபத்து. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மாலை தோறும் மெல்லக் காயும் ஜுரம், இரவில் தலையணை நனையும் வியர்வை, காரணமின்றி எடை குறைதல், கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுதல், ஆறாத வயிற்று வலி ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அடுத்த தவணையைப் போடாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். முன்பு செய்த பரிசோதனையில் தொற்று இல்லையென்று வந்திருந்தாலும் இது பொருந்தும். நெருக்கமான அறைகளில் கிருமி புதிதாகவும் வரலாமல்லவா? சாதாரணக் காய்ச்சலிலும் ஊசியைத் தள்ளிப்போட்டுக் கேட்டபின்பே போட வேண்டும். மூச்சுத் திணறல், கால் வீக்கம், கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல் ஆகியவையும் உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள்.

மெஷின் ஊசி விரலில் ஏறுவது தையல் தொழிலில் புதிதன்று. மற்றவர்கள் துணியைச் சுற்றிக்கொண்டு தைக்கப் போய்விடலாம். அடாலிமுமாப் போட்டுக்கொள்பவரோ சோப்புப் போட்டுக் கழுவி, முனை உள்ளே முறிந்திருக்கிறதா என்று காட்டி, சிவப்பும் வீக்கமும் பரவுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லையாகையால் அதற்குத் தடையில்லை.

காசநோயே வந்துவிட்டாலும் அதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியை வீட்டிலிருத்தி மருந்து கொடுத்தாலே சானடோரியத்தில் வைத்ததற்கு ஒப்பான பலன் கிடைக்கிறது என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. பக்கத்திலுள்ள பெருந்துறையில் சானடோரியம் என்ற ஊர்ப்பெயர் இன்னும் வழங்குகிறது. நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த காலமோ போய்விட்டது. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் பெரும்பாலும் ஆறு மாதத்தில் குணமாகும். அடாலிமுமாபை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை இரு துறை வைத்தியர்களும் கலந்து முடிவு செய்வார்கள். ஈ.எஸ்.ஐ.யில் காசநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவித்தொகையும் உண்டு.

கர்ப்பிணிகளும் பிறக்கும் குழந்தையும்

பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோரில் இளம் பெண்கள் மிகுதி. கர்ப்பம் தரித்ததும் பயந்து ஊசியை நிறுத்திவிடாமல், உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தொடர்வதா, கடைசி மாதங்களில் நிறுத்துவதா என்று அவர் தீர்மானிப்பார். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவோர் மட்டும் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே அதை மாற்றிக்கொள்வது கட்டாயம், ஏனெனில் அது கருவுக்குக் கேடு செய்யும்.

பலர் அறியாத விஷயம் ஒன்றுண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இம்மருந்து தொப்புள்கொடி வழியே குழந்தைக்குச் சென்று பல மாதங்கள் தங்குகிறது. நம் நாட்டிலோ பிறந்தவுடன் குழந்தைக்குப் போடப்படும் பிசிஜி ஊசியும், வாயில் விடும் போலியோ சொட்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. காசநோயைத் தடுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் நன்மை செய்யும் பிசிஜி, இந்தக் குழந்தைக்கு மட்டும் தீங்காகிவிடலாம். தாய் கடைசியாக ஊசி போட்ட நாளிலிருந்து ஐந்து மாதம் வரை உயிருள்ள தடுப்பு மருந்துகள் வேண்டாம் என்பது மருந்துக் குறிப்பின் கணக்கு. வைத்தியர்கள் பலர் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையட்டும் என்பார்கள். பிரசவ வார்டில் குழந்தை பிறந்த ஓரிரு நாளுக்குள் செவிலியர் பிசிஜி போட வந்துவிடுவார். அவருக்கு இது தெரிய வழியில்லை. ஆகையால் மருந்தின் பெயரையும் கடைசித் தவணைத் தேதியையும் கர்ப்பிணியின் பரிசோதனை அட்டையின் முதல் பக்கத்திலேயே வைத்தியரைக் கொண்டு எழுதி வாங்கி, பிரசவத்துக்கு உடன் வரும் தாயாரிடமோ மாமியாரிடமோ வாயாலும் சொல்லிவைக்க வேண்டும்.