கட்டுப்பாட்டு அறைத் திரைகள்: டென்மார்க் பாலம் தரும் பாடம்

டென்மார்க்கின் கிரேட் பெல்ட் நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் இரவு பகலாகக் கண்காணிக்கப்படுகின்றன. கிழக்குப் பாலத்தின் அடியில் 65 மீட்டர் உயர இடைவெளி உண்டு. மேற்குப் பாலத்திலோ 18 மீட்டர் மட்டுமே.

2001 மே 16ஆம் தேதி, 'பெல்லா' என்ற சரக்குக் கப்பல் கிழக்குப் பாலத்தை நோக்கி வந்தபோது, பாலம் 10 நிமிடங்கள் மூடப்பட்டு, கப்பல் திசைதிருப்பப்பட்டது. ஆனால் 2005 மார்ச் 3ஆம் தேதி 'கரேன் டேனியல்சன்' என்ற கப்பல் மேற்குப் பாலத்தில் மோதியது. கப்பலில் ஒருவர் உயிரிழந்தார். நள்ளிரவு கடக்கும்வரை பாலப் போக்குவரத்து நின்றது.

இத்தகைய கண்காணிப்பில் ராடார், கப்பல்கள் தாமாக அனுப்பும் அடையாள சமிக்ஞை, காமெரா ஆகியவை தனித்தனிக் கருவிகளிலிருந்து வருகின்றன. இவற்றை அருகருகே காட்டுவதற்கே பல உள்ளீடுகள் கொண்ட தொழில்முறைத் திரைகள் பயன்படுகின்றன.

இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் அளவு முதன்மையானதல்ல. ஓர் உள்ளீடு துண்டிக்கப்பட்டால் திரை உடனே எச்சரிக்க வேண்டும். உறைந்துபோன பழைய படம், வெற்றுத் திரையை விட ஆபத்தானது. உள்ளீடுகளை மாற்றும்போது காட்சி மறையக் கூடாது. அசையாத வரைபடம் நாள்முழுதும் நின்றால், வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் அதன் தடம் நிலைத்துவிடக்கூடும். இரவில் கண் கூசாதவாறு ஒளியைக் குறைக்கவும் முடியவேண்டும்.

கட்டுப்பாட்டு அறை வடிவமைப்புக்கான ஐஎஸ்ஓ 11064 சர்வதேசத் தரநிலையும், கருவியிலிருந்து அல்லாமல் பணியாளரின் தேவையிலிருந்தே தொடங்குகிறது.

தவறான திசையில் வரும் கப்பலைத் திரையால் நிறுத்த முடியாது. ஆயினும், பாலத்தில் வரும் வாகனங்களை நிறுத்துவதற்கான சில நிமிடங்களை அது பெற்றுத்தர முடியும்.