எழுதியே தேய்ந்த சிப்

2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 1,34,951 கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே இது அடிக்கடி நடப்பதுதான். ஏர்பேக், பிரேக், பெட்ரோல் குழாய் என்று ஏதாவதொரு காரணம் இருக்கும். அந்த முறை சொல்லப்பட்ட காரணம் மட்டும் என் மனதைவிட்டுப் போகவே இல்லை. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு மெமரி சிப் எழுதி எழுதியே தேய்ந்துபோனதாம். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத பொருள். உராய்வு கிடையாது, துரு கிடையாது. அது எப்படித் தேயும்?

2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ் கார்களும், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களும் இதில் சிக்கின. இந்தக் கார்களின் நடுவில் 17 அங்குலத் தொடுதிரை இருக்கும். ஏசி, வரைபடம், பாட்டு, பின்பக்கக் கேமரா எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். திரைக்குப் பின்னால் என்விடியாவின் டெக்ரா 3 புராசஸர். அதே போர்டில் பற்றவைக்கப்பட்ட 8 ஜிபி ஃபிளாஷ் மெமரி. அந்தக் காலத்துச் செல்போன்களிலும் இருந்த இஎம்எம்சி ரகம்தான்.

ஃபிளாஷ் மெமரி ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலைபார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது. மின்சாரம் போனாலும் எழுதியது அழியாது. நம் பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் இருப்பது அதுதான். ஒவ்வொரு நுண்ணறையிலும் எலக்ட்ரான்களைப் பூட்டிவைக்க ஒரு சின்னஞ்சிறு தீவு உண்டு. அதைச் சுற்றி மின்சாரம் கடத்தாத ஆக்சைடு சுவர். சுவரின் தடிமன் சில நானோமீட்டர்தான். எழுதும்போது ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து, எலக்ட்ரான்களை அந்தச் சுவரை ஊடுருவ வைத்து உள்ளே தள்ளுகிறார்கள். அழிக்கும்போது அதே சுவர் வழியாக வெளியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு போக்குவரத்திலும் சுவர் கொஞ்சம் சேதமாகிறது. சில எலக்ட்ரான்கள் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான முறைக்குப் பிறகு அறை நிறைந்திருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று சிப்பால் பிரித்தறிய முடிவதில்லை. அசையாத பொருள் தேய்வது இப்படித்தான். படிப்பதால் ஏற்படும் தேய்மானம் மிகக் குறைவு. எழுதுவதும் அழிப்பதும்தான் ஆயுளைத் தின்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று இருக்கிறது. நான் படித்த ஊர்ப் பள்ளியில் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். பூச்சு எங்கும் ஒரே சீராகத் தேயாது. வலது மேல்மூலைதான் முதலில் வெளுக்கும். தேதியும், அன்றைய ‘பதிவு’, ‘வருகை’ எண்ணிக்கையும் எழுதுகிற இடம் அது. தினமும் அழித்துத் தினமும் எழுதுவதால் அந்த இடத்தில் சாக்பீஸ் பிடிக்காமல் வழுக்கும். பலகையின் மற்ற பகுதி புதிதுபோல இருக்கும். ஃபிளாஷ் சிப்புக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் இடம் மாற்றி மாற்றி எழுதும்படி சிப்புக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று வைத்திருக்கிறார்கள். தேய்மானத்தை எல்லா இடத்துக்கும் அது பங்குபோட்டுக் கொடுக்கும். பழுதான இடத்துக்குப் பதிலாகக் கொடுக்கச் சிறிது உபரி இடத்தையும் கையிருப்பில் வைத்திருக்கும்.

ஆனால், பலகையில் ஓர் எண்ணை மட்டும் விரலால் துடைத்துவிட்டு மாற்றி எழுதலாம். ஃபிளாஷில் அது நடக்காது. அங்கே எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த தொகுதி தொகுதியாக. ஒரு தொகுதிக்குள் ஒரே ஒரு வரி பழசாகிவிட்டாலும் அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால், உயிருள்ள மற்ற பக்கங்களை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டுத் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். சிறு குறிப்பு ஒன்றை எழுதக் கேட்டால் சிப் உள்ளுக்குள் அதைப்போலப் பல மடங்கு எழுதுகிறது. சிப் நிறைந்திருக்க நிறைந்திருக்க இந்த மடங்கு கூடும். இடம் மாற்றி எழுதக் காலியிடம் வேண்டுமல்லவா?

இப்போது டெஸ்லாவுக்கு வருவோம். அந்தத் திரையை இயக்கியது லினக்ஸ். கணினியில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் லாக் பதிவேடு அதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு வந்தால் காரணம் தேடப் பொறியாளர்களுக்கு அது உதவும். ஆனால் அது எழுதப்பட்டது இந்த 8 ஜிபி சிப்பில். மென்பொருளும் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பெருத்துக்கொண்டே போய், இருந்த காலியிடத்தையும் அடைத்தது. சின்னச் சின்னக் குறிப்புகள், நாள் முழுக்க, குறுகிப்போன இடத்தில்: ஃபிளாஷைக் கொல்ல இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டாம்.

அந்தச் சிப்பின் ஒவ்வொரு தொகுதியும் தாங்கக்கூடியது ஏறத்தாழ 3,000 முறை எழுதி அழிப்பதை. நாளுக்கு ஒன்றரை முறை வீதம் சிப் முழுவதும் எழுதி அழிக்கப்பட்டால் 2,000 நாளில் கணக்கு முடியும். அதாவது ஐந்தரை ஆண்டு. கார்களில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். முதலில் திரை தயங்கும். வரைபடம் விட்டுவிட்டு வரும். திரை தானாக அணைந்து மறுபடி எழும். உபரித் தொகுதிகளும் தீர்ந்துபோன ஒரு நாளில் கருத்துவிடும். கார் அப்போதும் ஓடும். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா வராது. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் கட்டுப்பாடு கையைவிட்டுப் போகும். இண்டிகேட்டர் ஒலி கேட்காது.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2020 ஜூனில் விசாரணையைத் தொடங்கியது. இந்தச் சிப்புகள் அனைத்துமே என்றாவது ஒருநாள் இப்படித்தான் செயலிழக்கும் என்பதை நிறுவனமே அந்த விசாரணையில் ஒப்புக்கொண்டது. நவம்பரில் இந்தப் பழுதுக்கு மட்டும் வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை நீட்டியது. மென்பொருளிலும் சில ஒட்டுகளைப் போட்டுப் பார்த்தது. போதாது என்றது நிர்வாகம். 2021 ஜனவரியில், சுமார் 1,58,000 கார்களைத் திரும்ப அழைக்கும்படி கடிதம் எழுதியது. அடுத்த மாதம் நிறுவனம் இணங்கியது. இணங்கும்போதும், காரின் முழு ஆயுளுக்கும் இப்படிப்பட்ட சிப் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளாதார ரீதியில் சாத்தியமில்லை என்று வாதிட்டது.

அந்த வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். தேயும் பொருள் தேயத்தான் செய்யும். பிரேக் பேடு தேய்கிறது, டயர் தேய்கிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏனென்றால் அவை தேயும் என்று வாங்கும்போதே தெரியும், தேய்வது கண்ணுக்குத் தெரியும், கழற்றி மாற்றத் தெருமுனையில் ஆள் உண்டு. இந்தச் சிப்பின் ஆயுள் எவ்வளவு என்று வாங்கியவரிடம் யாரும் சொல்லவில்லை. தேய்மானத்தைக் காட்ட விளக்கு இல்லை. சுலபமாகக் கழற்ற முடியாதபடி போர்டோடு பற்றவைத்திருந்தார்கள். திரும்ப அழைக்கும் அறிவிப்பு வரும்வரை, வாரன்டி முடிந்தவர்கள் முழுக் கருவியையும் மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தார்கள். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது அப்போது 12 ஆண்டை ஒட்டி இருந்தது. அதில் பாதிக்காலம்கூடத் தாங்காத ஒன்றின் வழியாகக் கேமராவையும் கண்ணாடிக் கட்டுப்பாட்டையும் இயக்க வைத்தது வடிவமைப்பின் குற்றம்.

தீர்வு எளிமையாகத்தான் இருந்தது. 8 ஜிபி சிப் உள்ள துணைப் போர்டைக் கழற்றிவிட்டு 64 ஜிபி உள்ளதை மாட்டினார்கள். இடம் எட்டு மடங்கானால் அதே எழுத்துவேலை எட்டு மடங்கு பரப்பில் பரவும். ஆயுளும் அந்த அளவுக்கு நீளும்.

சென்ற மாதம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வேறு நிறுவனத்தின் கார், வாங்கி ஆறு ஆண்டாகிறது. தொடுதிரை நடுநடுவே உறைந்துபோய்த் தானாக மறுபடி எழுகிறது. சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல், முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டார்களாம். அறிகுறிகளைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெமரி சிப்பைத்தான். நம் ஊரில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மே மாதத்தில் வெட்டவெளியில் நிறுத்திய காரில் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூடு ஏற ஏற, தேய்ந்த சுவர் வழியாக எலக்ட்ரான்கள் வேகமாகக் கசியும். கார்களுக்கான சிப்புகளைச் சோதிக்க ஏஇசி-கியூ100 என்ற தரநிலை இருக்கிறது. அதன் முதல் தரத்தில் தேறும் சிப் மைனஸ் 40 முதல் 125 டிகிரி வரை தாங்க வேண்டும். ஆனால் எந்தத் தரநிலையும் ஓயாமல் எழுதும் மென்பொருளிலிருந்து சிப்பைக் காப்பாற்றாது.

ஒரு சிப்புக்காக, நன்றாக இருக்கும் திரை, புராசஸர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் தூக்கி எறிவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. சென்னை ரிச்சி தெருவில் செல்போனிலிருந்து இதே ரகச் சிப்பைச் சூடான காற்றால் கழற்றி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, புதியதைப் பற்றவைக்கும் கைகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் தனிப் பட்டறைகள் டெஸ்லா கார்களுக்கு இதையே சில நூறு டாலரில் செய்தன. அந்தத் திறமை கார்ப் பக்கம் வராமல் தடுப்பது பூட்டிவைத்த மென்பொருளும் வெளியே தராத சர்க்யூட் வரைபடமும்தான். இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கு விதிகள் வகுக்க 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இணையதளமும் வந்தது; அதன் நான்கு பிரிவுகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. தகவல் தளம் இருந்தால் போதாது. சட்டம் வேண்டும்.

பழுதான வாகனங்களைத் திரும்ப அழைக்கும் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் இங்கே நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அவை பொருந்தும். விற்பனையோடு ஒப்பிட்டுப் புகார்கள் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால்தான் அரசு கட்டாயப்படுத்தும். அதனால் வாசகர் செய்ய வேண்டிய முதல் வேலை புகாரை எழுத்தில் பதிவுசெய்வது. அடுத்து, முழு யூனிட் என்று சொல்பவரிடம் போர்டு அளவில் பழுதுபார்க்க முடியுமா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குவது. டாஷ்கேம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அது பழையதை அழித்து அழித்து மேலே எழுதும் கருவி. சாதாரண மெமரி கார்டு அதில் நீடிக்காது. தொடர் பதிவுக்கென்றே அதிகத் தாங்குதிறனோடு வரும் கார்டைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம்.

சிப்பை மாற்றுவதென்றால் திரை தயங்கத் தொடங்கியதுமே போக வேண்டும். காரை அதன் நிறுவனத்தின் சர்வருக்கு அடையாளம் காட்டும் மறைகுறியீட்டுச் சான்றுகள், ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக, பெரும்பாலும் அந்தச் சிப்பில்தான் இருக்கும். தயங்கும் சிப்பிலிருந்து அவற்றை நகலெடுத்துவிடலாம். அடியோடு செயலிழந்த சிப்பிலிருந்து எடுக்க வழியில்லை. புதியதை மாட்டித் திரை ஒளிர்ந்தாலும், சர்வர் அந்தக் காரை ஏற்றுக்கொள்ளாது.