ஒற்றைக் குரல்

பலரும் ஒருபுறம் நிற்க, தாம் ஒருவரே மறுபுறம் நின்று அறம் உரைப்பது அரிய செயலாகும். அத்தகைய செயலால் புகழ்பெற்றவர் அமெரிக்க நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன்.

இவர் கெண்டக்கி மாநிலத்தில் 1833ஆம் ஆண்டில் பிறந்தார். வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான தந்தையார், தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினார். மைந்தரும் 1853இல் வழக்கறிஞராகி, 1858இல் பிராங்க்ளின் வட்டார நீதிபதியானார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது படை திரட்டி, நாட்டின் ஒருமைக்காகப் போரிட்டார். 1863 முதல் 1867 வரை மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக விளங்கினார்.

எனினும், அடிமைகளை உடைய குடும்பத்தில் வளர்ந்த அவர், அடிமை முறையை ஒழிக்க 1865இல் வந்த அரசமைப்புத் திருத்தத்தை எதிர்த்தார். போருக்குப் பின் கறுப்பின மக்கள் அடைந்த கொடுந்துன்பம் அவர் காலத்தின் கண்கூடான உண்மையாயிற்று. அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1871இல் ஆளுநர் தேர்தலில் நின்றபொழுது எதிர்க்கட்சியார் அவருடைய பழைய பேச்சுகளை எடுத்துக் காட்டினர். முன்சொல்லோடு ஒத்திருப்பதினும் நேரிய வழியில் நிற்பதே மேல் என்று அவர் விடையிறுத்தார். அத்தேர்தலிலும் 1875ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அவர் தோற்றார்.

1877இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார். பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டலாகாது என்ற சட்டத்தை 1883இல் எண்மர் செல்லாதென்றனர். ஹார்லன் ஒருவரே மறுத்தார். தம் மறுப்புரையை எழுத இயலாது அவர் தளர்ந்தபொழுது, துணைவியார் மால்வினா ஒரு மைக்கூட்டை மேசைமேல் வைத்தார். கறுப்பினத்தார் குடிமக்களாகார் என்று 1857இல் தீர்ப்பெழுதிய நீதிபதி டேனியின் மைக்கூடு அது. அதைக் கண்டதும் ஹார்லனின் எழுதுகோல் தடையின்றி ஓடிற்று என அவ்வம்மையார் எழுதியுள்ளார்.

புகைவண்டியில் வெள்ளையர்க்குரிய பெட்டியில் அமர்ந்த ஹோமர் பிளெசி என்பாரின் வழக்கு 1896இல் முடிவுற்றது. தனித்தனிப் பெட்டிகள் முறையே என எழுவர் தீர்ப்பளித்தனர். அரசமைப்புச் சட்டம் நிறம் பாராது என்று ஹார்லன் ஒருவரே உரைத்தார். அவ்வுரையிலேயே சீனரை வேறுபடுத்திப் பேசிய குறையும் அவர்பால் உண்டு.

ஹார்லன் 1911இல் மறைந்தார். 1954இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும், நிறத்தால் பள்ளிகளைப் பிரித்தல் முறையன்று என ஒருமனமாய்த் தீர்ப்பளித்தனர். அன்று தோற்ற ஒற்றைக் குரல், ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் ஒன்பது குரலாய் ஒலித்தது. தவற்றை உணர்ந்து திருந்துதல் இழுக்கன்று. திருந்தியபின் உறுதியாய் நிற்றலே பெருமையாகும்.