27 விதிகளும் ஒரு சுண்டெலியும்

ஃபஸி லாஜிக் மாநாடு என்றதும் கழுத்துப்பட்டை கட்டிய பேராசிரியர்களும் மதியக் கொட்டாவியும்தானே நினைவுக்கு வருகின்றன? ஐயோ, விஷயமே வேறு! 1987 ஜூலையில் டோக்கியோவில் கூடிய சர்வதேச மாநாட்டில் தக்கேஷி யமகாவா சில எளிய ஃபஸி சிப்புகளை வைத்துக்கொண்டு ஒரு வித்தை காட்டினார். நெட்டுக்குத்தலாக நிற்கும் கோல் சாயச் சாய, அடியில் இருக்கும் வண்டி ஓடி ஓடி அதைத் தாங்கிப் பிடிக்கும். பிற்பாடு கோலின் உச்சியில் தண்ணீர் ஊற்றிய ஒயின் கிளாஸ் ஏறியது. ஆசை அடங்கவில்லை போல, உயிருள்ள எலியும் ஏறியது! தண்ணீர் தளும்புவதற்காவது ஓர் ஒழுங்கு உண்டு. எலி எந்தப் பக்கம் துள்ளும் என்று யார் கண்டது? கோல் விழவில்லை.

அந்த மாநாட்டுக்குச் சில நாள் முன்புதான் சென்டாய் நகரின் மெட்ரோ ரயில், ஹிட்டாச்சியின் ஃபஸி கட்டுப்பாட்டில் ஓடத் தொடங்கியிருந்தது. அப்புறம் என்ன, ஜப்பானுக்கே பித்துப் பிடித்தது. நம் வீட்டு வாஷிங் மெஷின் மூடியில் ‘ஃபஸி லாஜிக்’ என்று ஸ்டிக்கர் வந்து ஒட்டியதும் அந்த அலையில்தான்.

இதெல்லாம் மேடையில் நடப்பது. எனக்கு எப்போதும் மேடைக்குப் பின்னால்தான் கண் போகும். ஓர் ஆய்வுக் கட்டுரை மாநாட்டுக்குப் போகும் முந்தைய நாள் என்ன பாடு படுகிறது என்று பார்க்க வாய்த்த இடம் ஏசி அறை இல்லை. பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் எலியட்ஸ் பீச்சுக்கும் இடையில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரூர் ஒல்காட் குப்பம். சாய்த்து வைத்த ஃபைபர் படகின் மேல் லேப்டாப், விசைகளின் இடுக்கில் மணல், சுற்றிலும் வலை பிரிக்கும் நாலு பேர், நடுவில் நகம் கடிக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவி. எனக்கோ ஒரே குஷி!

அவள் செய்திருப்பது, நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று சொல்லும் ஒரு சின்ன நிரல். காற்றின் வேகம், அலையின் உயரம் என்று இரண்டு தகவல் உள்ளே போகும். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இவற்றை அன்றாடம் கணித்துத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் கம்மி, சுமார், அதிகம் என மூன்று நிலை. சாதாரண நிரல் என்றால் ஒன்றரை மீட்டரில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று முடித்துவிடும். இவள் திரையில் கோடு இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முக்கோணங்கள். ஒன்றரை மீட்டர் அலை ‘சுமார்’ என்பதில் 0.6 அளவுக்கும் ‘அதிகம்’ என்பதில் 0.3 அளவுக்கும் ஒரே சமயத்தில் இருக்கலாம். ஃபஸி லாஜிக்குக்கு வித்திட்ட, 1965இல் லோட்ஃபி ஸாதே பெர்க்லியிலிருந்து எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். இதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமில்லை. 1972இல் போர்தோ நகர மாநாட்டில், கட்டுப்பாட்டியலின் ஜாம்பவான் ருடால்ஃப் கால்மன் எல்லோர் முன்னாலும் அவரைக் காய்ச்சி எடுத்தார்.

சரி, அந்த 0.6 எங்கிருந்து வந்தது? இதுதான் நான் எட்டிப் பார்க்க வந்த ரகசியம். யாரையாவது கேட்டுத்தான் வரும்! 1974இல், புனேயில் பொறியியல் படித்த இப்ராஹிம் மம்தானி, லண்டன் குயின் மேரி கல்லூரியில் ஒரு நீராவி இயந்திரத்தை ஃபஸி விதிகளால் ஓட்டிக் காட்டியபோதே, இயக்கிப் பழகிய கை என்ன செய்யுமோ அதைத்தான் விதியாக எழுதினார். மாநாட்டு ஸ்லைடில் அந்தக் கைக்காரர் ‘நிபுணர்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுவார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இங்கே நிபுணர் கைலியோடு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். திரையைப் பார்த்தார்.

“அலை எவ்ளோ ஒசரம்னு போட்டுக்கிற. சரி. எத்தினி நேரத்துக்கு ஒருக்கா ஒடையுதுனு எங்க?”

“அது… போடலண்ணா.”

“அத்த போடாம இன்னாத்த சொல்லும் இது? கரையத் தாண்றதுதாம்மா கஷ்டம். நாலஞ்சு பெரிய அலை வரும், அப்பால ஒரு கேப்பு உடும். அந்த கேப்புல போட்ட தள்ளணும். கேப்பு தெரியாதவன் கவுந்துருவான்.”

மாணவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் சொன்னது சரி. அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் நீண்டால், நடுக்கடலில் சாதுவாகத் தெரியும் அலையும் கரையில் எழும்பி உடையும். ஆனால் மூன்று நிலை உள்ள இரண்டு தகவலுக்கு 9 விதி போதும். மூன்றாவதைச் சேர்த்தால் 27! விடிந்தால் மாநாடு. “பதினெட்டு எழுதணுமா?” என்று முனகிக்கொண்டே தட்டச்சு செய்தாள். நிபுணர் ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொன்னார். காற்று கம்மி, அலை சுமார், இடைவெளி அதிகம்: “பாத்துப் போலாம்.” காற்று அதிகம், அலை கம்மி: “வாடைக் காலத்துல நான் போக மாட்டேன், என் மச்சான் போவான்.” இதை எந்த முக்கோணத்தில் அடைப்பது?

கட்டுரையின் இரண்டாம் பாதியில் ஒரு காரண வரைபடம். எது எதைக் கூட்டுகிறது, எது எதைக் குறைக்கிறது என்று அம்புக்குறி போட்டு, கூட்டினால் +1, குறைத்தால் -1, தொடர்பில்லை என்றால் 0. பார்ட் காஸ்கோ 1986இல் கொண்டுவந்த முறை. இதை நம் மண்ணுக்கு இழுத்து வந்தவர், இங்கிருந்து கூப்பிடு தூரத்து ஐஐடியில் கணிதம் கற்பித்த வசந்தா கந்தசாமி. எச்ஐவியோடு வாழும் புலம்பெயர் தொழிலாளர்கள், தீண்டாமை பற்றிப் பெரியாரின் கருத்துகள் என்று, கணிதக்காரர்கள் பொதுவாக எட்டிப் பார்க்காத இடங்களுக்கு இந்த அம்புக்குறிகளைக் கொண்டுபோய்ச் சக ஆய்வாளர்களோடு புத்தகங்களே எழுதினார். இந்த முறையில் பல பேரிடம் கேட்டு, ஒவ்வொருவர் சொன்ன அம்புக்குறிகளையும் ஓர் எண் கட்டமாக, அதாவது அணியாக எழுதி, எல்லா அணிகளையும் கூட்டிவிடலாம்.

இங்கேயும் கூட்டினார்கள். அடையாற்று முகத்துவாரம் திறந்தால் மீன் கூடுமா? “கூடும், ஆத்துக்கும் கடலுக்கும் போக்குவரத்து இருந்தாத்தான் எறா வரும்” என்றார் நம்மவர். +1. “சாக்கடையெல்லாம் கடலுக்கு வந்து மீனு ஓடிரும்” என்றார் வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். -1. மாணவி விசையைத் தட்டினாள். இருவருக்கும் ஆவல் தாங்கவில்லை, திரைக்குள் தலையை விட்டார்கள்.

“இன்னாம்மா வந்துது?”

“ஜீரோண்ணா. ரெண்டு பேர் சொன்னதும் அடிபட்டுப் போச்சு. சம்பந்தமே இல்லன்னு காட்டுது.”

“சம்பந்தம் இல்லியா? முப்பது வருசமா நாங்க ரெண்டு பேரும் இதுக்குத்தாம்மா சண்ட போடறோம்!”