தோளா, இடுப்பா? கேமரன் மலை ஏறுவோரின் முதுகுப்பை

கேமரன் மலைக்கு நடைபயணம் போகிறவர்கள் முதுகுப்பை வாங்கும்போது முதலில் கேட்பது, “எத்தனை லிட்டர்?” என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பைக்குள் போகும் சுமையைத் தாங்கப் போவது தோளா, இடுப்பா? ஃபிரேம் வைத்த பை வாங்குவதா, ஃபிரேம் இல்லாத பை வாங்குவதா என்ற குழப்பத்துக்கு விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்த மலைநாட்டுக்கு, 1885இல் இங்கே நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயர் நிலைத்துவிட்டது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. இன்று பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சாலையில் ஏறினால், இருபுறமும் தேயிலைச் சரிவு. அது முடியும் இடத்தில் பாசி படர்ந்த மேகக்காடு தொடங்குகிறது. அந்தக் காட்டுக்குள்தான் 2,110 மீட்டர் உயரமுள்ள ஈராவ் மலைக்குப் பாதை. தானா ராத்தாவைச் சுற்றி ஜாசார், பெரெம்பான் போன்ற சிறிய மலைகளுக்கு எண்ணிட்ட காட்டுப்பாதைகள் இருக்கின்றன. வடக்கே புளூ வேலி பக்கமிருந்து, தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்றான யோங் பெலாருக்கு (2,181 மீட்டர்) ஏறுகிறார்கள்.

ஜாசார் அரை நாள் நடை. ஈராவ் கிட்டத்தட்ட ஒரு பகல். யோங் பெலாருக்குக் காட்டில் இரவு தங்கி ஏறி இறங்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர், மூன்றில் ஒன்றிலாவது வீணாக அவதிப்படுவார்.

ஃபிரேம் செய்யும் வேலை எளிமையானது. முதுகை ஒட்டி, மேலிருந்து கீழாக ஓர் அலுமினியக் கம்பியோ, இரண்டோ, அல்லது கெட்டியான பிளாஸ்டிக் தகடோ இருக்கும். அதன் கீழ்முனை இடுப்பு வாரில் போய் உட்காரும். பையின் எடை கம்பி வழியாக இறங்கி இடுப்பெலும்பின் மேல் ஏறிக்கொள்ளும். தோள்வார்களுக்கு மிச்சமிருக்கும் பெரிய வேலை, பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது. கம்பியை உருவிவிட்டால் நிலைமை மாறிவிடும். இடுப்பு வாரை எவ்வளவு இறுக்கினாலும் பை நடுவில் மடிந்து, பாதி நிரம்பிய அரிசி மூட்டையைப் போலக் குந்திவிடும். எடை முழுவதும் தோளுக்கே திரும்பும். ஐந்தாறு கிலோ வரை தோள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. பத்துக் கிலோவைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் கழுத்தும் தோளும் கணக்குக் கேட்கும்.

சுமையை உடம்பின் எந்த இடத்தில் ஏற்றுவது என்பது தேயிலைத் தோட்டங்களில் புதிய விஷயம் கிடையாது. இலங்கை மலையகத்திலும் தமிழ்நாட்டு மலைத்தோட்டங்களிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு நிரை நிரையாக நடந்தார்கள். இரண்டு கைகளும் பறிக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்தாலும் கூடை பக்கவாட்டில் ஆடக்கூடாது. அந்தக் கூடையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். பின்னிய மூங்கில் அல்லது பிரம்பு விறைப்பாக நிற்கிறது, கொழுந்து குறைவாக இருந்தாலும் கூடை மடிவதில்லை. கூடையின் உடம்பே ஃபிரேம். கேமரன் மலையைச் சேர்ந்த பூர்வகுடிகளான செமாய் மக்களும் காட்டுப் பொருள்களைப் பிரம்புக் கூடையில் முதுகில் சுமந்தே பழகியவர்கள்.

கேமரன் மலைத் தோட்டங்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் உழைத்திருக்கின்றன. இப்போது சரிவான நிரைகளில் கத்தரியால் வெட்டுகிறார்கள், சமமான இடங்களில் இருவர் பிடித்து இழுக்கும் இயந்திரம் ஓடுகிறது. வேலை செய்பவர்களில் பலர் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தலைக்கயிற்றின் வலிமையைப் பற்றிப் பேசும்போது நேபாளத்தை விட்டுவிட முடியாது. எவரெஸ்ட் வட்டாரத்துச் சுமைதூக்கிகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்து மலையேறுகிறார்கள். மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று, கூடையை ஊன்றுகோலில் தாங்கி இளைப்பாறி மேலே போகிறார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, பழகினால் எதையும் தூக்கலாம் என்று நடைபயணிகள் முடிவுகட்டக் கூடாது. அவர்கள் பிழைப்புக்காகச் சுமந்தார்கள், கழுத்திலும் முதுகிலும் அதன் வலியைத் தாங்கினார்கள். விடுமுறைக்கு மலையேறுகிறவருக்கோ எதைத் தூக்குவது, எதை வீட்டில் வைத்துவிட்டு வருவது என்று முடிவு செய்யும் வசதி இருக்கிறது. அந்த வசதியை அவர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இடுப்பில் சுமையை இறக்கும் நவீனப் பை அமெரிக்காவில் உருவானது. கலிபோர்னியாவின் கிளெண்டேல் நகரத்துத் தச்சரான டிக் கெல்டி, மலைநடையில் ஒருமுறை ஃபிரேமின் கீழ்முனைகளைத் தன் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தார் என்றும், தோளிலிருந்து பாரம் இறங்கியதை அப்போதுதான் உணர்ந்தார் என்றும் சொல்வார்கள். 1952இல் அவர் அலுமினியக் குழாய்களை வளைத்து ஃபிரேம் செய்ய, மனைவி நீனா பைகளைத் தைத்துக் கொடுக்க, வீட்டிலேயே தொழில் தொடங்கியது. 1967இல் கிரெக் லோ ஃபிரேமைப் பைக்கு உள்ளேயே மறைத்துத் தைத்தார். இன்று கடைகளில் தொங்கும் பெரிய பைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1955இல், 67 வயதில், எம்மா கேட்வுட் என்ற பாட்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தத் தூரத்துக்கு அவரிடம் இருந்தது, தானே தைத்த ஒரு துணிப்பை. அதை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, கான்வாஸ் காலணியோடு நடந்தார். 1990களில் ரே ஜார்டின் கம்பியும் தகடும் இல்லாத பையைத் தானே தைத்து, சாமான்களின் எடையைக் குறைத்துவிட்டால் ஃபிரேமுக்கு வேலையே இல்லை என்று எழுதினார். அவருடைய வடிவத்தை வைத்து கோலைட் நிறுவனம் பைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜார்டினின் வாதத்தில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி, அதன் வரிசை. முதலில் சாமான் குறைய வேண்டும், பிறகுதான் பை. சாமானைக் குறைக்காமல் பையை மட்டும் மெலிதாக வாங்கியவர்கள்தான் தோள்வலியோடு திரும்புகிறார்கள்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலைக்காட்டில் ஓர் இரவு தங்கப் போகிறவருக்குக் கூடாரம் ஒரு கிலோ, உறங்கும் பை 700 கிராம், பாய் 400, மழைச்சட்டை 250, மாற்றுத்துணி 600, அடுப்பும் பாத்திரமும் 400, விளக்கு, மருந்து, கயிறு என்று இன்னொரு 400 என்று வைத்துக்கொள்வோம். பை ஃபிரேம் இல்லாததாக இருந்தால் அரைக் கிலோ. எல்லாம் சேர்ந்து நாலேகால் கிலோ. உணவு ஒன்றேகால் கிலோ, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ. மொத்தம் ஏழரைக் கிலோ. ஃபிரேம் இல்லாத பை இதை நன்றாகவே தூக்கும். இந்த எடைகளெல்லாம் பொறுக்கி வாங்கிய சாமானுக்கு உரியவை என்பதை மறக்கக் கூடாது. சாதாரணக் கூடாரம் ஒன்றே மூன்று கிலோ வரும். பழைய பருத்திப் போர்வை ஒன்று இரண்டு கிலோவைத் தொடும். அவற்றை எடுத்துப் போகிறவருக்கு ஃபிரேம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே ஆள் யோங் பெலாருக்கு மூன்று நாள் போனால் கணக்கு மாறும். உணவு இரண்டு கிலோவைத் தாண்டும். தண்ணீர் கிடைக்காத மலைமுகட்டுக்கு நாலு லிட்டரைத் தூக்கிப் போக வேண்டியிருக்கலாம். குழுவின் பாத்திரம், தார்ப்பாய் ஆகியவற்றில் தன் பங்கு வேறு. பன்னிரண்டு கிலோ சுலபமாகச் சேர்ந்துவிடும். இங்கே ஃபிரேம் இல்லாத பையில் மிச்சம் பிடிக்கும் அரைக் கிலோவுக்காகப் பன்னிரண்டு கிலோவையும் தோளில் தாங்குவது அறிவான பேரமாகாது. ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக எடையுள்ள ஃபிரேம் பைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன.

ஈராவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தப் பாதையில் நடப்பதைவிடத் தவழ்வதும் தொற்றி ஏறுவதும்தான் அதிகம். முழங்கால் சேறு, வழுக்கும் வேர்கள், குனிந்து நுழைய வேண்டிய கிளைகள். முதுகில் காற்று புகுவதற்காக வலை கட்டி, பையை முதுகிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தும் ஃபிரேம் பைகள் உண்டு. சமதளத்தில் அவை சுகமானவை. வேரைப் பிடித்து ஏறும்போது அந்த இடைவெளியே ஆளைப் பின்னால் இழுக்கிறது. தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பை கிளையில் மாட்டுகிறது. முதுகோடு ஒட்டி நிற்கும் ஒல்லியான, இருபது முதல் இருபத்தைந்து லிட்டர் கொள்ளும் ஃபிரேம் இல்லாத பைதான் ஈராவுக்கு ஏற்றது. முதுகு வியர்வையில் நனையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

மழையைப் பற்றிச் சொல்லாமல் கேமரன் மலையில் எந்தப் பைப் பேச்சும் முடியாது. ஆண்டு முழுவதும் பிற்பகல் மழை எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பைக்கு மேலே போடும் உறை, முதுகு வழியாக ஒழுகும் தண்ணீரைத் தடுக்காது. கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, சாமானெல்லாம் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டினால் உடை நனையாது. நனைந்த துணி எடை கூடும் என்பதால், ஃபிரேம் இல்லாத பைக்காரருக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

ஃபிரேம் இல்லாத பையை அடுக்குவதில் ஒரு கைவேலை இருக்கிறது. மடிக்கும் நுரைப் பாயை நாலாக மடித்து, பையின் முதுகுப் பக்கம் நிறுத்த வேண்டும். அது விறைப்பைத் தரும், பாத்திரத்தின் விளிம்பு முதுகில் குத்தாமலும் தடுக்கும். உறங்கும் பையை அடியில் இறுக்கித் திணிக்க வேண்டும். உணவு போன்ற கனமான சாமானை முதுகை ஒட்டி நடுவில் வைத்து, சுற்றியுள்ள சந்துகளில் துணிகளைச் செருக வேண்டும். கடைசியில் பக்கவாட்டு வார்களை இழுத்து இறுக்கினால், பை கட்டைபோல் நிற்கும். அப்படி நிற்கும் பையில்தான் இடுப்பு வார் ஓரளவாவது வேலை செய்யும். தளர்வாக அடுக்கினால் அது வெறும் சாக்கு.

ஃபிரேம் பை வாங்குவோர் கவனிக்க வேண்டியது முதுகின் நீளம். தலை குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை முதுகெலும்பை ஒட்டி நாடாவால் அளக்க வேண்டும். இது ஆளின் உயரத்தைப் பொறுத்தது என்று நினைப்பது தவறு. ஒரே உயரமுள்ள இருவருக்குப் பல சென்டிமீட்டர் வேறுபடலாம். உடம்பு சிறுத்த பெண்கள் பலர், நீளமான பையை வாங்கிவிட்டு, இடுப்பு வார் தொடைக்கு இறங்கி ஒவ்வொரு அடியிலும் இடிக்க நடக்கிறார்கள். அளவு பொருந்தாத ஃபிரேமைவிட ஃபிரேம் இல்லாத பை எவ்வளவோ மேல்.

கடைக்குப் போவதற்கு முன், வீட்டில் தூக்கிப் போக நினைக்கும் சாமான் எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். தண்ணீரையும் உணவையும் சேர்த்து ஒன்பது கிலோவுக்குள் வந்தால் ஃபிரேம் இல்லாத பையைத் தயங்காமல் பாருங்கள். அதைத் தாண்டினால் ஃபிரேம் வேண்டும். பிறகு அதே எடைக்கு அரிசிப் பைகளைக் கையோடு எடுத்துப் போய், கடைக்காரரிடம் சொல்லி, விருப்பப்பட்ட பையில் போட்டு இடுப்பு வாரை இறுக்கிக் கட்டுங்கள். தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது. நுழையாவிட்டால் தோளில் இருக்கிறது. கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்து, படி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.